ஜக்கில் வரைந்த தேயிலைப் பூ

பதுளை டவுனில் பீங்கான் சாமான்களுக்குச் சித்திரம் வரைவதுதான் என் பிழைப்பு. மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து அருளப்பன் ஒரு வெள்ளை ஜக்கோடு வந்தார். கொழுந்து பறிக்கப் போன அவர் மனைவி ரோசி, குளவி கொட்டிச் செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு அவள் பேர் எழுதி, பூவும் போட்டுத் தரச் சொன்னார்.

"என்ன பூ தம்பி?"

"உங்களுக்குத் தெரியாததாக்கா? பாத்தா கண்ணு அங்கயே நிக்கணும்."

பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் மயங்கிப் பார்க்கும் பூ ஒன்று இருந்தது. தேயிலைப் பூ. வெள்ளை இதழ், நடுவே மஞ்சள். ஜக்கு முழுக்க அதையே பூக்கவிட்டு, நிறம் அழியாதபடி சூளையில் சுட்டும் வைத்தேன்.

வாங்க வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டவுன்காரங்களுக்குத் தேயிலையும் பூச்செடிதான், இல்லக்கா? கவ்வாத்து வெட்டாம காடா விட்டாத்தான் இப்படிப் பூக்கும். அந்தக் காட்டுலதான் குளவி கூடு கட்டும். ரோசி செத்த மலையும் இப்படித்தான் பூத்துக் கெடந்துச்சு."

ஜக்கைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். "குடுங்க தம்பி, வேற வரைஞ்சு தர்றேன்."

அவர் விடவில்லை. "இருக்கட்டும். சாப்பாட்டுக்கு, மலையக் காடா விட்ட தோட்டத்துத் தொரையும் வர்றாரு. இதுலயே அவருக்குத் தண்ணி ஊத்துறேன்."

துரை குடித்தாரா, தெரியாது. எத்தனை வருஷம் அந்தப் பூவை அழகு என்றே நினைத்திருந்தேன்! கொழுந்து பறிக்கிற ஒருத்தியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ரோசியே சொல்லியிருப்பாள். நான் யாரையும் கேட்டதில்லை.