எல்லையில் நின்ற வில்லியம்

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகளின் குழந்தைக்குப் பிறந்தநாள். மண்டபம், கேக், பலூன் என்று வழக்கம்போல நடந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மண்டபம் அலுத்துவிட்டதாம். ரொறன்ரோவைத் தாண்டி, றிச்மண்ட் ஹில்லுக்கும் வடக்கே ஒரு பண்ணைக்கு எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே குழந்தைகளைக் குட்டைக் குதிரைகளில் ஏற்றி வட்டமாக நடத்திக்கொண்டிருந்தார்கள். நான் கையில் வடைத் தட்டோடு வேலி ஓரமாக ஒதுங்கி நின்றேன். பின்னாலிருந்து பழுப்பு நிறத்தில் ஒன்று வந்து என் தோளில் மூச்சு விட்டது. வியர்வையும் வைக்கோலும் பழைய தோலும் கலந்த மணம். வடையைத்தான் தேடி வந்திருக்கிறது, பாவம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த வயதில் ஒரு குதிரையின் மணத்தை நான் அறிந்தது அன்றுதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில் வாராவாரம் குதிரைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவள் நான். ஓடும் குதிரை, நொண்டும் குதிரை, எசமானைத் தேடிப் பனியில் கனைக்கும் குதிரை என்று என் குதிரைகளுக்குக் குறைவே இல்லை. அவற்றில் ஒன்றுக்கும் இந்த மணம் இருந்ததில்லை. இருந்த மணம் மீன் மணம்தான்.

ஏனென்றால் எங்கள் பத்திரிகை அலுவலகம் ஸ்காபரோவில் ஒரு மீன்கடைக்கு மேலே இருந்தது. இலவச வாரப் பத்திரிகை. தமிழ்க் கடைகளின் வாசலில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கறிவேப்பிலையோடு சேர்த்து ஆட்கள் தூக்கிப்போவார்கள். கணினியில் தட்டி, அச்செடுத்து, கத்தரித்து, பசை பூசிப் பக்கத்தில் ஒட்டுவது என் சனிக்கிழமை வேலை. ஆசிரியரை எல்லோரும் 'அண்ணை' என்போம். நல்ல மனிதர், கொஞ்சம் முன்கோபி. எங்கள் பத்திரிகையில் அதுவரை வந்த தொடர்கதைகள் எல்லாம் இலங்கையில் விட்டுவந்த ஊரையும் போரையும் பற்றியவை. ஒரு தொடர் முடிந்த அன்று அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதுமப்பா. நாலு அத்தியாயத்துக்கு ஒருக்கா ஆரோ சாகினம். அழாமல் வாசிக்கிற கதை ஒண்டு எழுத இந்த ரொறன்ரோவில ஆளில்லையோ?"

அப்படித்தான் ஜெசிந்தா அக்கா வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம், ஊர்காவற்றுறைக்காரி. மஃபின் செய்யும் பேக்கரி ஒன்றில் வேலை. வேலை முடிந்து நேரே மாடிப்படி ஏறி வருவார். கறுவாப்பட்டைத் தூளின் வாசம் அவருக்கு முன்னால் வந்துவிடும். இப்போதும் எந்தக் கோப்பிக் கடையிலாவது கறுவா மணந்தால் நான் திரும்பிப் பார்ப்பதுண்டு. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஆங்கிலக் காதல் புத்தகங்களை வேதப் புத்தகத்துக்குள் வைத்து வாசித்தவர் அவர். அண்ணையிடம் அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"எங்கடை நாடு வேண்டாம், சண்டை வேண்டாம், செல்லடி வேண்டாம். நூறு வருசத்துக்கு முந்தின அல்பேட்டா. மாட்டுப் பண்ணை, குதிரை, காதல். சரியோ?"

"குதிரையைப் பற்றி உமக்கென்ன தெரியும்?"

"உந்தப் பிள்ளை லைப்ரரியில பாத்துச் சொல்லும்."

உந்தப் பிள்ளை நான்தான். இப்படித்தான் நான் வரலாற்று ஆய்வாளர் ஆனேன்.

காதல் அக்காவின் பொறுப்பு, குதிரையும் அடுப்பும் துப்பாக்கியும் என் பொறுப்பு. நூலகத்திலிருந்து படம் போட்ட தடித்த புத்தகங்களைக் காவி வருவேன். சேணம் எது, அங்கவடி எது, கடிவாளத்தை எந்தக் கையில் பிடிப்பது என்று படத்தைப் பார்த்தே எழுதினேன். படத்தில் இல்லாத இடங்களை ஊரில் எங்கள் வீட்டு மாட்டை நினைத்து நிரப்பினேன். அல்பேட்டாவில் எங்கள் குதிரைகள் தவிடும் புண்ணாக்கும் தின்றன. கதாநாயகன் வில்லியம் அவற்றை ஆற்றில் இறக்கித் தும்பால் தேய்த்துக் குளிப்பாட்டினான். எந்த வீட்டுக்குப் போனாலும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனான். இதற்கெல்லாம் ஒரு வாசகர்கூடக் குறை சொல்லவில்லை. முத்தத்துக்கு மட்டும் அண்ணை சம்மதிக்கவே இல்லை. "கோயில் வாசலிலையும் எங்கடை பேப்பர் கிடக்கு" என்பார். அதனால் வில்லியமும் எமிலியும் நெருங்கும்போதெல்லாம் ஒரு குதிரை குறுக்கே வந்துவிடும்.

கதை இதுதான். மொன்ரானாவில், அமெரிக்கப் பக்கம், மாடு மேய்ப்பவன் வில்லியம். எமிலியும் அவனும் சின்னத் தேவாலயம் ஒன்றில் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். பிறகு எமிலி மட்டும் எல்லைக்கு வடக்கே, கனடாப் பக்கம், அல்பேட்டாவுக்கு வந்துவிட நேர்கிறது. பண்ணை ஒன்றில் வேலை செய்துகொண்டு அவனுக்காகக் காத்திருக்கிறாள்.

இதைக் கற்பனை செய்ய அக்கா பெரிதாகச் சிரமப்படவில்லை. அவரும் புருஷன் மரியதாஸ் அண்ணையும் கொழும்புக்கு வந்தபோது, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவரிடம் இருந்தது ஒரு பெண்ணின் கடவுச்சீட்டு மட்டும்தான். "நீர் முதல்ல போம், நான் பின்னால வாறன்" என்று மரியதாஸ் அண்ணை அக்காவை அனுப்பிவைத்தார். அக்கா கனடா வந்து, அகதி வழக்கு முடிந்து, அவரை ஸ்பொன்சர் செய்து வருடங்கள் ஓடிவிட்டன. மெடிக்கல் எடுத்தால் பொலிஸ் ரிப்போர்ட் காலாவதியாகும். அதை எடுத்தால் மெடிக்கல் காலாவதியாகும். அவர் கொழும்பில் லொட்ஜ் லொட்ஜாக மாறிக்கொண்டிருந்தார்.

"வில்லியம் எண்டுறது அவர்தான் பிள்ளை. பேரைத்தான் மாத்தினனான்" என்று அக்கா எனக்குச் சொல்லியிருந்தார். வேலை முடிந்து வரும்போது தெரு முடக்கிலேயே விசில் அடிப்பானாம், வீட்டில் இருப்பவளுக்கு ஆள் வருவது தெரியட்டும் என்று. பகிடியைச் சொல்லி முடிக்கும் முன்பே தானே சிரித்துவிடுவானாம். சாப்பாட்டில் முதல் துண்டை நாய்க்குப் போட்டுவிட்டுத்தான் உண்பானாம். இதையெல்லாம் ஒவ்வொன்றாக அக்கா கதைக்குள் இறக்கினார். எழுதும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். களைப்பெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. நான் அந்த வில்லியத்தில் கொஞ்சம் மயங்கித்தான் போயிருந்தேன். வாசகிகளும் அப்படித்தான். 'வில்லியம் தம்பி சுகமோ' என்று தொலைபேசியில் விசாரிப்பார்கள்.

வில்லியத்தை எல்லை தாண்ட விடாமல் வைத்திருக்க வேண்டுமே. அதற்கு அக்கா ஒரு வழி செய்தார். எல்லையில் ஒரு குடிவரவுக் கந்தோரைக் கட்டினார். அங்கே நீண்ட வரிசை, கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி, இன்ரவியூ. 'கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள்? உன் மனைவிக்குப் பிடித்த சாப்பாடு என்ன?' என்று அதிகாரி கேட்க, வில்லியம் தொப்பியைக் கையில் பிடித்தபடி பதில் சொல்லிக்கொண்டு நிற்பான். மூன்று கிழமைக்கு ஒரு தடவை அவனுடைய மனுவைத் திருப்பி அனுப்புவார்கள்.

நாங்கள் யாருமே இதில் பிழை காணவில்லை. அண்ணை காணவில்லை, நூலகத்தைக் கரைத்துக் குடித்த நானும் காணவில்லை. வாசகர்களோ அதற்கு மேலே போய்விட்டார்கள். அஜக்ஸ் நகரிலிருந்து ஓர் அன்ரி பதறிப்போய்த் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, அந்தப் பெடியனைக் கலியாண அல்பத்தைக் கொண்டு போகச் சொல்லும். எங்கடை மருமோனுக்கும் அல்பம் இல்லாமல்தான் விசா இழுபட்டது."

அக்கா இதைக் கேட்டு அடுத்த அத்தியாயத்தில் வில்லியத்தின் கையில் ஓர் அல்பம் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிறம்ரனிலிருந்து ஒரு பெரியவர் எடுத்தார். ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"பிள்ளை, கதை நல்லாய்ப் போகுது. ஒண்டு மட்டும். அந்தக் காலத்தில உந்த எல்லையில கந்தோரும் இல்லை, இன்ரவியூவும் இல்லை. வெறும் புல்லுவெளி. குதிரையில ஏறினால் சும்மா வந்திடலாம்."

நான் நன்றி சொல்லி வைத்துவிட்டு, பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த அக்காவிடம் சிரிப்போடுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனையை வைத்தார்.

"சும்மா வரலாமாமோ?"

"ஓமாம் அக்கா."

"ஒருத்தரும் மறிக்க மாட்டினமாமோ? விசா கேக்க மாட்டினமாமோ?"

"இல்லையாம்."

"குதிரையைத் தட்டிவிட்டால் வந்திடலாமாமோ..."

பேக்கரிச் சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணை எழுந்து தேநீர் போடப் போனார். நான் காய்ந்த பசைப் போத்தலைத் திறந்து திறந்து மூடினேன். அழுது முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கா உறுதியாகச் சொன்னார்.

"கந்தோரை எடுக்க மாட்டன். எடுத்தால், பிறகு அவன் வராமல் இருக்கிறதுக்கு நான் என்ன காரணம் சொல்லுறது?"

கந்தோர் அங்கேயே இருந்தது. பிறம்ரன் பெரியவருக்கு அண்ணையே எடுத்து, "மாஸ்டர், உது கதைதானே" என்று சமாளித்தார்.

அடுத்த வருடம் மரியதாஸ் அண்ணைக்கு விசா கிடைத்தது. நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஓர் அத்தியாயத்தைத் தட்டியதில்லை. அதே கிழமை வில்லியத்துக்கும் அதிகாரி முத்திரை குத்திக் கொடுத்தார். எமிலி எல்லையை நோக்கிப் புறப்பட்டாள், தொடரும் என்று போட்டோம். கடைசி அத்தியாயத்தை அவர் வந்தபிறகு எழுதுவதாக அக்கா சொன்னார். "முகத்தைப் பாத்து எழுத வேணும்" என்றார்.

விமான நிலையத்துக்கு நானும் போனேன். அக்கா வாங்கி வைத்திருந்த குளிர் அங்கி மரியதாஸ் அண்ணைக்குத் தொளதொளவென்று இருந்தது. பழைய உடம்பை நினைத்து வாங்கியிருந்தார். வந்தவர் மெல்லிய குரலில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். காரில் கண்ணாடிப் பக்கம் தள்ளி இருந்தார்.

சில கிழமைகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய அப்பார்ட்மென்ட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மரியதாஸ் அண்ணை எப்போது குளித்துவிட்டு வந்து என் பின்னால் நின்றார் என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு சத்தமில்லாமல் நடந்தார். நான் திடுக்கிட்டதைப் பார்த்து அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"குறை நினைக்காதேயும் பிள்ளை. லொட்ஜில சத்தம் காட்டினால் ஆமிக்காரன் ஏறி வந்திடுவான். பழகிப்போச்சு."

மேசையில் எங்கள் பத்திரிகைகள் எல்லாம் அடுக்கிக் கிடந்தன. முதல் அத்தியாயத்திலிருந்து எல்லாவற்றையும் வாசித்து முடித்திருந்தார். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"ஜெசி, உமக்கு நல்லா எழுத வருது," என்றார். பொறாமையோ கோபமோ அந்தக் குரலில் துளியும் இல்லை. "உந்த வில்லியம் நல்ல பெடியன். ஆரை நினைச்சு எழுதினனீர்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அகப்பை நின்றது.

"ஆரையும் நினைக்கேல்லை. சும்மா கற்பனை."

"அதுதானே," என்று அவர் தலையாட்டினார். "உப்பிடி ஆர் இருக்கினம்."

அன்று சாப்பிட்ட மீனின் ருசி எனக்கு நினைவில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா வரவில்லை. தொலைபேசியில் சொன்னார்: "பிள்ளை, வில்லியம் எல்லையிலேயே நிக்கட்டும். என்னால இனி ஏலாது." நான் ஏன் என்று கேட்கவில்லை. என்னை எழுதி முடிக்கச் சொல்லி அண்ணை கெஞ்சிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். எனக்குக் குதிரை மட்டும்தான் எழுதத் தெரியும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். 'எழுத்தாளர் சுகவீனம்' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டோம். வாசகர்கள் பல மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அந்தப் பத்திரிகை நின்றுபோய் எவ்வளவோ காலம். மீன்கடையை மாடியோடு சேர்த்து இடித்து உயரமாக ஏதோ கட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் அண்ணையும் போய்விட்டார். என்னிடம் ஒரு பிரதிகூட இல்லை. இலவசப் பத்திரிகையை யார் சேர்த்து வைப்பார்கள்? எண்ணெய் வடிய விட்டதும், கண்ணாடி துடைத்ததும் போக மிச்சம் குப்பைக்குப் போயிருக்கும். அக்கா தன் அடுக்கை அஜக்ஸுக்கு வீடு மாறும்போது மறுசுழற்சிக்கான நீலப்பெட்டிக்குள் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

அஜக்ஸில் அவர்கள் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். அவர் ஒரு நாளும் அக்காவைக் கடிந்து பேசியதை நான் கேட்டதில்லை. பின்வளவில் தக்காளி வைத்தார், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனார், அக்காவுக்குக் கால் ஏலாமல் போன காலத்தில் அவரே சமைத்துப் போட்டார். போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனபிறகு நான் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். மெதுவாக என் கையைப் பிடித்தார்.

"வந்தவரோடை நான் நல்லாத்தான் வாழ்ந்தனான் பிள்ளை. அவருக்குச் சனமெல்லாம் வந்து அழுதிட்டுப் போகுது. வராமலே போன ஆளுக்கு ஆர் அழுறது?"

முடக்கில் விசில் அடித்துக்கொண்டு வரும் அந்த ஆள் எப்படிச் சிரிப்பான் என்பதை அறிந்த வேறு எவரும் அந்த வீட்டில் இல்லை. அவனுக்காக அன்று நாங்கள் இரண்டு பேர்தான் அழுதோம்.