ஜீரோ காட்டிய ஹீட்டர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மே மாதத்தில் நடந்தது இது. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். காலையில் பள்ளிகொண்டாவில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வீடு. என் லைனில் நாற்பது பேர், முக்கால்வாசி பெண்கள். ஷூவின் மேல்பாகத்தில் பசை தடவி, சூடு காட்டி, அடிப்பாகத்தோடு ஒட்டுவது எங்கள் வேலை. டிப்ளமோ படித்தவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அன்று பஸ்ஸில் வரும்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு கேள்வி போட்டிருந்தார்கள். டீ பிரேக்கில் கேன்டீனில் உட்கார்ந்து அதை என் லைன் பெண்களிடம் கேட்டேன்.

"இன்னைக்கு ஜீரோ டிகிரி. நாளைக்கு இதைவிட ரெண்டு மடங்கு குளிருமாம். அப்போ நாளைக்கு எவ்ளோ டிகிரி? சொல்லுங்க பாக்கலாம்."

"நம்ம பக்கத்துல எங்க மேடம் ஜீரோ? ஏலகிரி மேல ஏறி உக்காந்தாலும் வராது" என்றாள் ஒருத்தி. மைனஸ் ரெண்டு என்றாள் இன்னொருத்தி. நான் வாத்தியார் மாதிரி தலையாட்டிவிட்டு, "ஜீரோவை எதால பெருக்கினாலும் ஜீரோதான். அதனால நாளைக்கும் ஜீரோ" என்றேன். கைதட்டல் கிடைத்தது.

"அது தப்பு மேடம்."

திரும்பிப் பார்த்தேன். லைனில் ஷூவைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்று பசை தடவும் பெண். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ஹெல்பராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கேட்டால் ஒழியப் பேசமாட்டார்.

"ஜீரோன்னா அங்க சூடே இல்லன்னு அர்த்தம் இல்ல மேடம். தண்ணி ஐஸ் ஆவுற இடத்துக்கு நாமளா வச்ச பேர் அது. அதுக்குக் கீழயும் மைனஸ்ல போய்க்கினே இருக்கு இல்ல? அப்போ ஜீரோலயும் கொஞ்சம் சூடு இருக்குதானே? அதை வச்சி பெருக்க முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு ஹெல்பர் எல்லார் முன்னாலும் என்னைத் திருத்துவதா? "ஐஸ்ல சூடு இருக்குதாம்! அப்போ உங்க வீட்ல ஐஸ் கட்டி மேலதான் டீ போடுவியா?" என்றேன். கேன்டீனே சிரித்தது. அவர் மிச்சம் இருந்த டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஹீட்டரில் ஒரு ஷூ மாட்டிக்கொண்டது.

ஹீட்டர் என்பது நீளமான இரும்புப் பெட்டி. நடுவில் பெல்ட் ஓடும். பசை தடவிய ஷூக்கள் ஒரு வாய் வழியாக உள்ளே போய், சூடாகி, மறு வாய் வழியாக வெளியே வரும். இரண்டு வாயிலும் ரப்பர் திரை தொங்கும். உள்ளே எவ்வளவு சூடு என்று முன்பக்கத்தில் சிவப்பு எண்களில் தெரியும். மாட்டிய ஷூ திரைக்கு உள்ளே, கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். பெல்ட் நின்றது. முன்பக்கம் பார்த்தேன். ஜீரோ. சரி, மெஷின் மொத்தமும் ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"கையை விட்டு எடும்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். "ஆஃப்லதான் இருக்கு. ஜீரோ காட்டுது பாரு."

அவர் எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"மேடம், கொஞ்சம் இருங்க..."

"இன்னா இருக்கிறது? லைன் மொத்தமும் நிக்குது!"

காலையில் கிண்டல் செய்ததற்குத்தான் இப்படி முறுக்கிக்கொள்கிறார் என்று தோன்றியது. கோபம் தலைக்கேறியது. அவரை ஒதுக்கிவிட்டு, யூனிஃபார்ம் கோட்டின் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு நானே கையை நீட்டினேன். விரல் ரப்பர் திரையைத் தொட்டிருக்கும். அவ்வளவுதான். இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்து அவர் இழுத்த இழுப்பில் பின்னால் இருந்த டிராலியில் போய் மோதினேன்.

"இன்னா பண்ற நீ?" என்று கத்தினேன். லைனே திரும்பிப் பார்த்தது.

அவருக்கு மூச்சு வாங்கியது. "மேடம், அடிக்கிற வெயில்ல சும்மா கெடக்கிற மெஷின்கூட நாப்பது காட்டணும். அது எப்படி ஜீரோ காட்டும்? இந்த ரூமே ஜீரோல இல்லையே!"

அவர் சொன்னது எனக்கு உடனே உறைக்கவில்லை. அதற்குள் அவர் கீழே கிடந்த ஒரு தோல் துண்டை எடுத்து, நீளமான இடுக்கியில் கவ்வி, திரைக்குள் விட்டார். ஐந்து எண்ணும் நேரம் இருக்கும். வெளியே எடுத்தபோது அது தோலாக இல்லை. சுருண்டு, கறுத்து, புகைந்துகொண்டிருந்தது. அதுவரை பசை நெடியில் தெரியாத கருகிய வாடை மூக்கில் ஏறியது. யாரோ "ஐயோ" என்றார்கள்.

அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எந்த இடத்தில் கையை வைக்கப் போனேனோ அந்த இடத்தில் இருந்து வந்த துண்டு அது. அதைவிட மோசம், அவர் கையை அங்கே வைக்கச் சொன்னதும் நான்தான்.

மெயின்டனன்ஸ் அண்ணன் ஓடிவந்து மெயினை இறக்கிவிட்டு மூடியைத் திறந்தார். உள்ளே மாட்டிய ஷூ கருகிக் கிடந்தது; சூடேற்றும் காயில் கம்பி பழுத்துச் சிவந்திருந்தது.

"சூடு பாக்கிற சென்சார் ஒயர் ஷார்ட் ஆயிருக்கு மேடம். உள்ள எவ்ளோ சூடுன்னு மெஷினுக்கே தெரியல. ஜீரோன்னு நெனச்சிக்கினு ஏத்திக்கினே இருந்திருக்கு. நீங்க அணைச்ச ஸ்விட்ச் பெல்ட்டுக்கு மட்டும்தான். ஹீட்டருக்கு வேற ஸ்விட்ச்."

ஆறு வருஷம் அந்த மெஷின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எனக்கு அது தெரியாது.

நான்கு அடி தள்ளி பசை டப்பாக்கள் வரிசையாக இருந்தன. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் சரக்கு. அண்ணன் அதைப் பார்த்தார், ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்.

விஷயம் தெரிந்து மேனேஜர் வந்தார். "நல்ல வேளை, நீங்க கவனிச்சீங்க மேடம்" என்றார் என்னிடம். நான் உடனே மறுக்கவில்லை. இரண்டு மூன்று நொடி சும்மா நின்றேன். அந்தப் பெண் எனக்குப் பின்னால் தரையைப் பார்த்தபடி நின்றார். அந்த நொடிகளை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"நான் கவனிக்கல சார்" என்றேன் ஒருவழியாக. "நான் கையை விடப் போனேன். இவங்கதான் புடிச்சி இழுத்தாங்க."

மதியம் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பி.எஸ்சி. பிசிக்ஸ் மேடம்" என்றார், சாதத்தைப் பிசைந்துகொண்டே.

பத்தாவதோடு நின்றவர் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். "ஏன் சொல்லவே இல்ல?" என்று கேட்டேன்.

"டிகிரின்னு சொன்னா ஹெல்பர் வேலைக்கு எடுக்கமாட்டாங்கன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. பத்தாவது சர்டிபிகேட் மட்டும்தான் குடுத்தேன். வேலை வேணுமே மேடம்."

காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம், ஐஸ்ல சூடுன்னா யாருக்கும் சிரிப்புதான் வரும்" என்று சொல்லி, தன் டப்பாவில் இருந்து கத்திரிக்காய்க் கூட்டை என் பக்கம் தள்ளினார்.

அவர் சம்மதத்தோடு படிப்பு விஷயத்தை மேனேஜரிடம் சொன்னேன். இழுத்தடித்து, சில மாதங்கள் கழித்து அவரை டெஸ்டிங் பிரிவுக்கு மாற்றினார்கள். இப்போது ஷூவையும் தோலையும் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. வழியில் பார்த்தால் நின்று பேசுவோம். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவருமே பேசுவதில்லை.

ஊரே சிரிக்கத் தன்னை அவமானப்படுத்திய ஒருத்தி, ஒரு மணி நேரம்கூடக் கழியும் முன்பே, தானாகப் போய் நெருப்பில் கையை விடுகிறாள். அவளைப் பிடித்து இழுக்க அந்தப் பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இழுத்திருப்பேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன்; ஆமாம் என்று தைரியமாகச் சொல்ல இன்றுவரை என்னால் முடியவில்லை.