டியூப் லைட்டில் எடுத்த நீலம்

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. ப்ளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். ரிசல்ட் வந்த கையோடு மாப்பிள்ளையும் வந்துவிட்டார்.

புடவை எடுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனபோது மறுநாள் மறியல் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. கல் விழுமென்று பயந்து கடைகளில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். பாய் கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் நல்ல நீலமாக ஒன்றை அத்தை எடுத்தாள்.

மறுநாள் வடக்கனந்தல் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். நம் பிள்ளைகளுக்குக் காலேஜில் இடம் ஒதுக்க வேண்டும் என்று கோஷம் போட்டு வெட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். அவர் வீடு திரும்பியபோது அத்தை வாசல் வெயிலில் புடவையைப் பிரித்திருந்தாள். கத்தரிப்பூ நிறம்.

"பாய் மாத்திக் குடுத்துட்டாரு!" என்று அப்பா கத்தினார்.

"அவரு மாத்தலண்ணா" என்று அத்தை புடவையை உள்ளே கொண்டுபோய் டியூப் லைட்டைப் போட்டாள். நீலம்! நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடினேன். அது மாறிக்கொண்டே இருந்தது.

"துணி மேல விழற வெளிச்சத்துல கொஞ்சத்த அது முழுங்கிடும்டி. திருப்பி அனுப்புற மிச்சந்தான் நம்ம கண்ணுக்கு நெறம். வெயில்ல எல்லா நெறமும் கீது. டியூப் லைட்டுக்குள்ள பூசின மாவு வுடுற வெளிச்சத்துல செவப்பு கம்மி. இல்லாத செவப்ப இந்தப் புடவ எப்படித் திருப்பி அனுப்பும்?"

"காலேஜ்லயும் இதத்தான் சொல்லித் தருவாங்களா அத்தை?"

"இன்னும் ஜாஸ்தி சொல்லித் தருவாங்க" என்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. புடவையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, தானே வெட்டிச் சாய்த்த மரங்களின் மேல் ஏறி இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு நடந்தார். பொழுது சாயும் நேரத்தில் வீங்கிய காலோடு வந்து வேறொரு புடவையை நீட்டினார். "பாயே மாத்திக் குடுத்தாரு. ஷட்டரத் தூக்கி வுட்டு வெயில்ல காட்டினாரு. நீலமேதான், பாரு."

அத்தை அவர் காலைப் பார்த்தாள். புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்பைவிட அதிகமாக அழுதாள்.

அப்பா திகைத்துப்போய் என் பக்கம் திரும்பினார். "இப்ப இன்னாத்துக்கு அழுவுறா?"

"புடவ புடிச்சிடுச்சுப்பா. சந்தோஷத்துல அழுவுது" என்றேன்.

அப்பா நம்பினார். வெகுகாலம் நானும்தான்.