மோர் மிளகாய்க்குப் பக்கத்தில் காய்ந்த இசைத்தட்டுகள்

போன மாதக் கடைசியில் காரைக்குடியில் ஒரு வீட்டு முற்றத்தில் இசைத்தட்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மோர் மிளகாய்க்குப் பக்கத்தில்.

அந்தக் காலத்து அரக்குத் தட்டுகள். கிராமபோனில் ஊசி வைத்துக் கேட்பார்களே, அவைதான். பாய் விரித்து, பாய்மேல் பழைய வேட்டி விரித்து, வரிசையாகப் பரப்பியிருந்தது. காக்காய் வராமல் இருக்க ஓரத்தில் ஒரு கறுப்புக் குடை வேறு.

காக்காய் எந்தக் காலத்தில் இசைத்தட்டைக் கொத்தியிருக்கிறது? அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. மதிய வெயிலில் அரக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் கண் முன்னாலேயே ஆகிக்கொண்டிருந்தது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். பழைய இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளை, அதாவது லேபிளை, பார்த்து அதன் வயதைச் சொல்வது. லேபிளின் நிறம் என்ன? எழுத்து தமிழா, ஆங்கிலமா? பாடகி பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ இருக்கிறதா? ஓரத்தில் விற்ற கடையின் ஸ்டிக்கர் உண்டா? கடைசிக் கோட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழவென்று ஒரு வளையம் இருக்குமே, அதில் கண்ணுக்குத் தெரியாத அளவில் பொறித்த எண் என்ன? இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் யுத்தத்துக்கு முன்னாலா, பின்னாலா என்றாவது சொல்லிவிடலாம்.

என் அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. “பாட்டக் கேக்காம, நடுவுல ஒட்டுன தாளப் பாக்குறதுக்குத்தானா ஒன்னயப் படிக்கவச்சோம்?” என்று ஒருநாள் கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டில் முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அச்சடித்த எழுத்து எங்கே இருந்தாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்வேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் உட்பட.

சரி, முற்றத்துக்கு வருவோம்.

வீடு மெய்யம்மை ஆச்சியுடையது. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். வெயிலை மாற்றவில்லை.) ஆச்சிக்கு ஒரே தம்பி. சாத்தப்பன். ஊருணிக்கு அந்தப்பக்கம் வீடு, இரும்புக் கடை வைத்திருக்கிறார். பெற்றவர்கள் காலமான பிறகு அக்காவும் தம்பியும் சாமான்களைப் பிரித்துக்கொண்டார்கள். கணக்கு ரொம்ப எளிது. அவர்களுடைய ஆத்தா கல்யாணத்தில் சீராகக் கொண்டுவந்தது மகளுக்கு. அப்பச்சி, அதாவது அப்பா, பினாங்குக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கிவந்தது மகனுக்கு.

கிராமபோன் பெட்டி அப்பச்சி கப்பலில் கொண்டுவந்தது. அதில் சந்தேகமே இல்லை. தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. இசைத்தட்டுகள்?

ஆத்தா சீர் என்றார் ஆச்சி. அப்பச்சி வாங்கியது என்றார் தம்பி. வாங்கியதைப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. தட்டுகள் ஆச்சி வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. ஆக, பாட்டு ஒரு வீட்டில். பாடுகிற பெட்டி இன்னொரு வீட்டில். நடுவில் ஊருணி. அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவும் இல்லை, பாட்டு கேட்கவும் இல்லை.

இப்போது ஆச்சி மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கப் போனபோது, “மொதல்ல பிளேட்டு யாருதுன்னு தெரியட்டும். அப்புறம் வர்றேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம் தம்பி.

தாய்மாமன் வந்து நிற்காமல் ஒரு கல்யாணமா? ஆச்சிக்குத் தூக்கமே போய்விட்டது. சாத்தப்பண்ணன் இந்தப் பத்தியைப் படிக்கிறவர் என்று கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டார்கள். தட்டுகள் ஆத்தா கல்யாணத்துக்கு முன்னால் வந்தவையா, பின்னால் வந்தவையா? கடை ஸ்டிக்கர் மெட்ராஸா, பினாங்கா? லேபிளைப் பார்த்து நான் சொல்ல வேண்டியது. இரண்டு பேரும் அதற்குக் கட்டுப்படுவது. இதுதான் ஏற்பாடு.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முற்றத்தைப் பார்க்கிறவரை.

“பாக்க வர்றவுகளுக்கு முன்னாடி தூசியும் தும்புமாவா வைக்கிறது? அதான் சீயக்கா போட்டுக் கழுவிட்டேன் தம்பி” என்றார் ஆச்சி.

கல்யாண வீடு. பரணிலிருந்து இறங்கிய அண்டா, குண்டான், தவலை எல்லாம் கழுவியாகிறது. அதோடு இதுவும். அண்டாவில் போட்டு ஊறவைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் லேபிள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று அப்பளப்பூ மாதிரி தண்ணீரில் மிதந்திருக்கின்றன. சின்ன ஸ்டிக்கர்கள் கரைந்தே போய்விட்டன.

“பயப்படாதீக. மைதாப் பசை கிண்டி அம்புட்டையும் திருப்பி ஒட்டிட்டேன்.”

எந்த லேபிள் எந்தத் தட்டுக்கு என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“அது தெரியாதுல்ல. ஒரு செவப்பு, ஒரு பச்சைன்னு மாத்தி மாத்தி ஒட்டுனேன். பாக்க லெச்சணமா இருக்கட்டும்னு.”

லட்சணமாகத்தான் இருந்தது. நடுத் துளையையும் சேர்த்து ஒட்டியிருந்தார். பரணிலேயே ஏதோ ஒரு தட்டு உடைந்து போயிருக்க வேண்டும், ஒரு லேபிள் மிஞ்சிவிட்டது. வீணாக்குவானேன் என்று ஊறுகாய் ஜாடியில் ஒட்டிவிட்டார். அலமாரியில் இருந்த ஜாடியைப் போய்ப் பார்த்தேன். ‘மிஸ்’ என்று ஆரம்பிக்கும் ஒரு பெயர், அதன் கீழே கல்யாணி ராகம், ஆதி தாளம்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீட்டில் என்னால் வயது கணிக்க முடிந்த ஒரே பொருள் அந்த ஊறுகாய் ஜாடிதான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ. சாத்தப்பண்ணன் இறங்கினார். மடியில் வைத்துக் கொண்டுவந்த கிராமபோன் பெட்டி இப்போது கையில். புனல் ஆட்டோவில் இடித்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முற்றத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்:

“தம்பி, அவுககிட்டக் கேளுங்க. வத்தல் போட்டிருக்காகளா, வடாம் போட்டிருக்காகளா?”

ஆச்சி ரெண்டடி தள்ளித்தான் நின்றார். அவரும் என்னிடமே சொன்னார்:

“அவன்கிட்டச் சொல்லுங்க தம்பி. பிளேட்டு வச்சிருக்கவுக கழுவியாவது வச்சாக. பெட்டி வச்சிருக்கவுகளப் புனலுக்குள்ள பாக்கச் சொல்லுங்க. எட்டுக்கால்பூச்சி குடும்பம் நடத்துது.”

நான் புனலுக்குள் பார்த்தேன். குடும்பம்தான்.

இப்படியே நான் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கத்துக்கும் தபால் கொண்டுபோனேன். லேபிள் கதை தெரிந்ததும் சாத்தப்பண்ணன் சிரிக்கவில்லை. வேண்டுமென்றே சாட்சியைக் கலைத்துவிட்டார்கள் என்றார். ஆச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. தம்பி திரும்பிப் பெட்டியைத் தூக்கினார். அவ்வளவுதான், கல்யாணத்துக்கு மாமன் வந்த மாதிரிதான் என்று எனக்குத் தோன்றியது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அண்ணே, பெட்டி வந்திருக்கு, பிளேட்டு இருக்கு. ஒண்ணப் போட்டுத்தான் பாப்பமே.”

போடுவதற்கு வேண்டுமே! வெயில் பட்ட தட்டுகள் எல்லாம் வாணலி மாதிரி குழிந்துவிட்டன. குடை நிழலில் இருந்த ஒன்று மட்டும் தப்பியிருந்தது. லேசாக நெளிந்து, அவ்வளவுதான். காக்காய்க்கு வைத்த குடை சங்கீதத்தைக் காப்பாற்றியது.

துளையை அடைத்திருந்த பச்சை லேபிளைக் குத்தித் திறந்து, தட்டைப் பொருத்தி, சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். லேபிளில் நாதஸ்வரம் என்று இருந்தது. கொஞ்ச நேரம் கரகரப்பு. ஊசி படகில் போவது மாதிரி ஏறி இறங்கியது.

ஒரு பெண் பாடினார்.

“நாயனம் நல்லாப் பாடுது” என்றார் சாத்தப்பண்ணன், யாரையும் பார்க்காமல்.

ஆச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

பாட்டு முடிந்தது. முடிந்த கையோடு அந்தப் பெண்மணி, பாடின மூச்சு வாங்க, தன் பெயரைச் சொன்னார். பாதிப் பெயர் கரகரப்பில் போய்விட்டது. ஆனால் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். இசைத்தட்டு வந்த புதிதில் பாட்டை இங்கே பதிவு செய்வார்கள், தட்டை எங்கோ வெளிநாட்டுத் தொழிற்சாலையில் அச்சடிப்பார்கள். அங்கே இருப்பவர்களுக்குப் பாஷை தெரியாது. எந்தத் தட்டில் யார் லேபிளை ஒட்டுவது என்று குழம்பக் கூடாதே... அதற்காகப் பாடுகிறவரே கடைசியில் பெயரைச் சொல்லிவிடுவார். அங்கேயும் ஒரு மெய்யம்மை ஆச்சி இருந்திருப்பார் போல.

பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது. இந்த ஆத்தாவும் அப்பச்சியும் மாலை மாற்றுவதற்கு ரொம்ப காலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. ஆக, இது கல்யாணத்துக்கு முந்தைய தட்டு. அதைச் சொன்னேன்.

“கேட்டீகளா? ஆத்தா சீரு” என்றார் ஆச்சி.

சாத்தப்பண்ணன் அசரவில்லை. அப்பச்சிக்குப் பழைய சாமான் என்றால் உயிராம். பினாங்கில் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பாராம். செய்த காலம் வேறு, வாங்கிய காலம் வேறு என்று நான் எழுதியதையே எனக்குத் திருப்பிச் சொன்னார். வாசகர்கள் இவ்வளவு கவனமாகப் படிப்பது சில சமயம் ஆபத்து.

வேறு வழியில்லை. நடு வளையத்தில் பொறித்த எண்ணைத் தேடினேன். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். இத்தனை வருட எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் சீயக்காயில் போய் வளையம் பளிச்சென்று இருந்தது. எழுத்து தெரிந்தது.

எண் அல்ல. தமிழ் எழுத்து.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காக: இங்கே செட்டியார் வீடுகளில் அண்டா முதல் கரண்டி வரை எதை வாங்கினாலும் வீட்டு விலாசத்தை, அதாவது உரியவரின் தலைப்பெழுத்துகளை, வெட்டி வைப்பார்கள். யாரோ ஒரு மகானுபாவர் இசைத்தட்டையும் பாத்திரக்காரரிடம் கொடுத்து விலாசம் வெட்டியிருக்கிறார்!

மற்ற தட்டுகளையும் புரட்டினேன். எல்லாவற்றிலும் அதே எழுத்துகள்.

சாத்தப்பண்ணன் வாங்கிப் பார்த்தார். எழுத்துகளை மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்புறம், “இது ஐயா விலாசம்” என்றார்.

ஐயா என்றால் அப்பச்சியைப் பெற்றவர்.

“சத்தமாச் சொல்லாதடா” என்றார் ஆச்சி.

நேராக. தம்பியைப் பார்த்து. நான் நடுவில் இல்லாமல்.

விஷயம் இதுதான். தட்டுகள் ஐயா வாங்கியவை என்றால் அவை ஆச்சிக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை. ஐயாவின் மகன்கள் எல்லோருக்கும், அவர்களுடைய பிள்ளைகள் எல்லோருக்கும் பொது. அத்தனை பங்காளிகளும் சென்னை, கோவை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று பரவிக் கிடக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வேறு. பொது வீட்டுக் கிணற்றுக் கயிற்றை மாற்றலாமா என்று அதில் ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லையாம். கிணற்றில் தண்ணீர் இல்லை என்பது தனி.

“தெரிஞ்சா வக்கீலோட வருவாக ஆச்சி” என்றார் தம்பி. “ஆளுக்கு ஒரு துண்டா ஒடச்சுக் குடுன்னாலும் சொல்லுவாக.”

“ஒடைக்கவா? இம்புட்டுப் பாடுபட்டுக் கழுவியிருக்கேன்.”

இரண்டு பேரும் தலையைச் சேர்த்துவைத்துக் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

“தம்பி, அதுல எதாச்சும் எழுதியிருந்ததப் பாத்தீகளா?” என்று கேட்டார் ஆச்சி.

எங்கள் வீட்டில் முதல்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியவில்லை என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன்.

“எழுத்து தெளிவா இல்லீங்க ஆச்சி.”

“படிச்ச புள்ள” என்று மெச்சினார் சாத்தப்பண்ணன். அன்று மதியம் அங்கேயே சாப்பிட்டார். கல்யாணி ராக ஊறுகாய் மட்டும் ரெண்டு தடவை கேட்டு வாங்கினார்.

உறவு ஒட்ட அன்பு வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டும் என்றெல்லாம் நானே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதெல்லாம் தேவையே இல்லை போலிருக்கிறது. ரெண்டு பேரும் சேர்ந்து ஒளித்துவைக்க ஒரு சின்ன ரகசியம் போதும்!

அதை நான் இப்படிப் போட்டு உடைக்கலாமா என்று கேட்பீர்கள். ஆச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். அவர்கள் பங்காளிகள் யாரும் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்க மாட்டார்களாம்.

இந்த வாரம் கல்யாணம் நடந்தது. சாத்தப்பண்ணன் பட்டு வேட்டியும் துண்டுமாக வாசலிலேயே நின்று எல்லோரையும் வரவேற்றார். பக்கத்தில் வரவேற்பு மேஜை. சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு. கற்கண்டு வைத்திருந்த கறுப்புக் கிண்ணம் மட்டும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தேன். வாணலி மாதிரி குழிந்த இசைத்தட்டு. நடுத் துளையை ஒரு வெற்றிலை மறைத்திருந்தது.

சிங்கப்பூர்ப் பங்காளி ஒருவர் கிண்ணத்தைத் தடவிப் பார்த்து, வித்தியாசமாக இருக்கிறதே, ஏது என்று கேட்டார்.

“ஆத்தா சீரு” என்றார் ஆச்சி.

“அப்பச்சி பினாங்குல வாங்குனது” என்றார் தம்பி.

ஒரே நேரத்தில். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். நல்லவேளை, சிங்கப்பூர்க்காரர் அதற்குள் ஒரு கை கற்கண்டு அள்ளிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் சென்னை, கோவை, அமெரிக்கா என்று வரிசையாக வந்த பங்காளிகளும் ஆளுக்கொரு கை அள்ளிக்கொண்டார்கள்.

பாகப்பிரிவினை சுமுகமாக முடிந்தது.