கோமதி அக்காவின் டீமுக்கு ரெண்டாவது பிக்

கோமதி அக்கா வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார். ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே...

அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு... அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் அக்கா குவாலிட்டி செக்‌ஷன். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். ஸ்கூல் படிக்கும்போது பாஸ்கெட்பால் பைத்தியம். முட்டி போனது, டீமில் இருந்து எடுத்துவிட்டார்கள். அப்புறம் கல்யாணம், வேலை, திருநின்றவூர்.

நாங்கள் சிலர் ஆன்லைனில் ஒரு பாஸ்கெட்பால் லீக் நடத்துகிறோம். ஆளுக்கு ஒரு டீம். அதில் ஆடுகிறவன் ஒருவன்கூட நிஜம் இல்லை. பெயர், உயரம், முகம், திறமை எல்லாம் கம்ப்யூட்டர் உருவாக்குவது. மேட்சையும் அதுவே ஆடி ஸ்கோரைச் சொல்லும்.

சீசனுக்கு முன்னால் புதுப் பசங்கள் வருவார்கள். யார் தேறுவான் என்று அலசிப் பார்த்து, டிராஃப்ட் அன்று நம் முறை வரும்போது ஒருவனை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அக்காவிடம் போய் அதை விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது.

ஒருநாள் சாயங்கால ட்ரெயின். அம்பத்தூரில் ஏறியதிலிருந்து ஒரு பையனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நல்ல உயரம், நிதானமான குணம், ஆனால் முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது... எதிர் சீட்டில் இருந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆபரேசன் ஆன மாப்ள இன்னாத்துக்குமா? வேற எடம் பாரு" என்றார்.

நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா சிரிக்கவே இல்லை. நான் ஆவடியில் இறங்கும்வரை அந்த அம்மாவிடம் அவனுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடுவான், நல்ல பையன், விட மனசில்லை...

அவனையே எடுத்தார். அவன் முட்டி மறுபடியும் போனது. சீசன் முழுக்க ஆடாமல் பெஞ்சில்தான்.

அவனை டீமை விட்டு ரிலீஸ் பண்ணிடுங்கக்கா என்று லீக்கின் வாட்ஸாப் குரூப்பில் எல்லோரும் சொன்னோம். ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ஸ்கூல் டீம்லேந்து என்ன எட்த்தப்பவும் இப்டித்தான் ஈசியா சொன்னாங்க."

நான் கம்பெனி மாறிய பிறகு எல்லாச் சண்டையும் போனில்தான். இந்த முறை டிராஃப்ட் ஞாயிற்றுக்கிழமை. ஆளை எடுக்கும் வரிசையில் அவர் டீமுக்கு ரெண்டாவது பிக், எனக்கு மூன்றாவது. அதனால் ரெண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. லஞ்சில் போன் பண்ணி யாரைப் பார்க்கிறாய் என்று கேட்பார். நான் ஒரு பொய் சொல்வேன். அவரும் ஒன்று சொல்வார்.

வியாழக்கிழமை மத்தியானம்கூடப் பேசினோம். "யாருன்னு சொல்ல மாட்டேன் கார்த்தி. ஆனா ஞாயித்துக்கெழம உன் மூஞ்ச பாக்கணும் எனக்கு" என்றார்.

கடைசியாகப் பேசியது அதுதான்.

சனிக்கிழமை தகனம் முடிந்து ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அக்காவின் கணவர் சேகர் அண்ணன் அக்காவின் போனை எடுத்துக்கொண்டு வந்தார். மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். பாஸ்கெட்பாலுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது.

"இதுல அவ டீமு, அவ டீமுன்னே போட்டுகினு கீறாங்க. இன்னா மேட்டர்பா?"

சாவு வீட்டில் இதையெல்லாம் பேசவே கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் சேரை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். சொன்னேன். நாளைக்கு டிராஃப்ட், அக்கா பெயரில் யாராவது ஒருவனை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டரே எடுத்துவிடும், தள்ளி வைக்கவும் எல்லோரும் தயார் என்று. தள்ளி வைக்க வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது என்றார். யாரை எடுத்திருப்பாள் என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"உன்கிட்டகூடவா சொல்லல?"

"என்கிட்டதான் அண்ணா சொல்லவே மாட்டாங்க."

அவர் முகம் லேசாகச் சிரித்த மாதிரி ஆனது. பசங்களைக் காட்டச் சொன்னார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா என்று நடுவில் ஒரு தடவை கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

ஒருவனிடம் நின்றார். ரேங்கிங்கில் அடிமட்டத்தில் இருப்பவன். எங்களில் ஒருவர்கூட அவன் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டோம்.

"இவன எட்த்துடு. பாத்தா, சாப்ட்டியாடான்னு கேக்கணும்போல கீது."

அண்ணா, இவன் தேறமாட்டான்... என்று தொண்டை வரை வந்தது. சரிண்ணா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா டீமின் முறை வந்தபோது அவன் பெயரைத்தான் டைப் பண்ணினேன். தப்பாக அடித்துவிட்டாயா மச்சான் என்று ஒருவன் கேட்டான். அக்காவின் வீட்டுக்காரர் சொன்னது என்று போட்டேன்.

அடுத்தது என் முறை. இத்தனை நாள் அக்காவின் கண்ணில் படாமல் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த பையன் அப்படியே எனக்காக நின்றுகொண்டிருந்தான். எடுத்துக்கொண்டேன்.

நினைத்தவன் கிடைத்து இப்படி ஒரு எரிச்சல் எனக்கு எப்போதும் வந்ததில்லை. போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஆவடி ஸ்டேஷன் வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் நடந்தேன்.

அக்கா மனதில் இருந்தவனும் நான் எடுத்த இவன்தானா... தெரியவில்லை.

இன்று காலையில் சேகர் அண்ணன் போன் பண்ணினார். தான் சொன்ன பையன் ஆடினானா என்று கேட்டார். இன்னும் இறக்கவில்லை அண்ணா, பெஞ்சில் இருக்கிறான் என்றேன். அப்புறம், அடுத்த மேட்ச் எப்போது என்று கேட்டார். நாளைக்கு என்றேன்.

போய்ட்டு வாங்கக்கா.