சுரேகாவின் நைட் க்ரீம்

என் இடது புருவத்தைப் பாதியில் விட்டுவிட்டு சுரேகா மறுபடியும் எழுந்து போய்விட்டாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம். கால் மணி நேரத்தில் இது மூன்றாவது தடவை.

“ரெண்டே நிமிசம்க்கா, மூஞ்சி பத்திகினு எரியுது” என்று திரும்பி வந்தாள். வந்ததும் முதல் வேலையாகக் கன்னத்தில் பவுடரை அப்பினாள். நூலைப் பல்லில் கடித்தாள், விட்டாள், ஃபேனைக் கூட்டினாள். ஒரு இடத்தில் நில்லடி அம்மா என்று கத்தலாம் போலிருந்தது எனக்கு.

மேனாம்பேட்டில் வீட்டு முன்னறைதான் அவளுடைய பார்லர். புருவம் எடுப்பதெல்லாம் சில்லறை வேலை; பேர் வாங்கிக் கொடுத்தது முகத்தை வெளுப்பாக்கும் நைட் க்ரீம். படர்தாமரைக்குப் போடும் களிம்பு ஒரு ட்யூப், பேரே ஒட்டாத வெள்ளை டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி, வாசனைக்குக் கொஞ்சம் சாதாரண க்ரீம். குழைத்து அடைத்தால் ஆவடி குவார்ட்டர்ஸ் வரைக்கும் போகும். கல்யாணம் நிச்சயமானால் பெண்கள் பந்தல்காரருக்கு முன்னால் இவளுக்குத்தான் சொல்வார்கள்.

ஏமாற்றுக்காரி இல்லை. “என் மூஞ்சில போடாதத உன் மூஞ்சில போடமாட்டேன்” என்பாள். குழைத்ததை முதலில் தானே பூசிப் பார்ப்பாள். மற்றவர்கள் ஒரு டப்பாவோடு நிறுத்தினார்கள். இவள் நான்கு வருடம் ஒரு நாள் விடவில்லை. தோல் உரிந்தபோதுகூட, “வேல செய்யுது பாரு” என்று பூரித்தாள். நாணயமாக இருக்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டாள். எனக்கு மனசே ஆறவில்லை.

களிம்பில் இருப்பது ஸ்டீராய்டு, தோல் மெலிந்துவிட்டது, பேரில்லாத டப்பாவில் பாதரசம் இருந்தால் கிட்னியைக் கெடுக்கும் என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். நிறுத்தினால் சில மாதம் எரியுமாம். நிறுத்திப் பத்தொன்பது நாளாகிறது. ஆனால் என்னைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் முகம்தானே கடைக்கு விளம்பரம். “இத்தப் பாத்தா எவக்கா வருவா?”

அப்போதுதான் பூந்தமல்லியிலிருந்து மஹ்ஜபீன் வந்தாள். பன்னிரண்டு நாளில் நிக்காஹ்.

“ஒரே ஒரு டப்பா குடுக்கா.”

“ஸ்டாக் இல்லம்மா.”

“பரவால்லக்கா, அம்பத்தூர்ல ஒரு கடைல இதே மாதிரி கீதாம். அங்க வாங்கிக்கிறேன்.”

சுரேகா நூலைக் கீழே போட்டாள். ஈரப் பஞ்சை எடுத்து இரண்டு கன்னத்துப் பவுடரையும் வழித்தாள். வாசலுக்குத் திரும்பிவிட்ட பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, சிவந்து கொதிக்கும் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.