சீனியில்லாத பிஸ்கட்டும் சாரல் விருந்தாளிகளும்

ஷார்ஜாவில் மளிகைச் சாமானுக்கு முகம் கிடையாது. மணி அடிக்கும், கதவைத் திறப்பதற்குள் பையை வாசலில் வைத்துவிட்டு ஆள் லிப்டுக்குப் போயிருப்பார். வந்த புதிதில், ஒரு நேபாளத்துக்காரரின் பின்னால் "தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று தமிழிலேயே கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். பை மாறிவிட்டதென்று நினைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதைத் திரும்ப எடுக்க வந்துவிட்டார்.

இந்த முகமில்லாத ஆன்லைன் கடையைத்தான் நான் நம்பினேன். கடையநல்லூரில் என் மனைவி ஜமீலாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது. கால் மரத்துப்போகிறது என்றாள். மணல் தேசத்தில் இருப்பவனால் காலைப் பிடித்துவிட முடியாது. பட்டனை அழுத்த முடியும். டப்பாக்களின் பின்பக்கப் பொடியெழுத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்து, நார்ச்சத்தும் மாவுச்சத்தும் எனக்குச் சினிமாப் பாட்டுப்போல மனப்பாடம். ஓட்ஸ், தினை, சீனி போடாத பிஸ்கட் என்று மாதாமாதம் இங்கிருந்து தட்டிவிட, அங்கே வீட்டில் போய் இறங்கும். ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனையிலும் அவளுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டேதான் வந்தது.

விடை சாரலோடு வந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதென்று ஆலங்குளத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். வீடியோவில் பார்க்கிறேன்: ஈரத்தலையோடு வரிசையாக உட்கார்ந்து என் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜமீலாவின் சின்னம்மா மகள் போனை வாங்கிக் கேட்டாள்:

"மச்சான், வெளிநாட்டுக்காரன் பிஸ்கட்டுல சீனியே போடமாட்டானோ?"

அவர்கள் போனபின் ஜமீலாவைப் பிடித்தேன்.

"ஏட்டி, அது ஒனக்கு அனுப்புனதுல்லா?"

"மச்சான் அனுப்புதாகன்னு ஊருக்கே தெரியும். நா மட்டும் பூட்டிவச்சுத் திங்கவா?"

"திருநெல்வேலி குடோன்ல இருந்துதானட்டி வருது!"

"துட்டு அங்கன இருந்துதான வருது? அப்ப வெளிநாட்டுச் சாமான்தான்."

எங்கள் ஊரில் கடல் தாண்டி வந்த பெட்டியைத் திறந்தால், அக்கம்பக்கத்துக்குப் பங்கு போகாமல் மூடமாட்டார்கள். என் நார்ச்சத்து முழுவதும் தெருவுக்குப் போய், அவளுக்கு மிஞ்சியது வெள்ளைச் சோறு.

"கால் போயிரும்ட்டி" என்றேன். அவள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"நீங்க ராத்திரி என்னத்தத் திங்கிய?"

"சோத்த நிப்பாட்டியாச்சு. டிபன்தான்."

"காமிங்க பாப்போம்."

போனைத் திருப்பினேன். சால்னாவில் ஊறிய நாலு புரோட்டா. எங்கள் பக்கத்தில் புரோட்டா சாப்பாட்டில் சேராது. அருவியில் குளித்துவிட்டு வந்து எட்டு புரோட்டாவை உள்ளே தள்ளியவனும் லேசாக டிபன் பண்ணினேன் என்றுதான் சொல்வான்.

"இந்த வைத்தியர்தான் எனக்குப் பத்தியம் சொல்லுதாரா?" சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "இனி நீங்க அங்கன திங்கதப் பாத்துத்தான் நா இங்கன திம்பேன்."

இப்போது விருந்தாளிகளுக்குக் கிரீம் பிஸ்கட் தனியாகப் போகிறது. தினை மட்டும் இரண்டு முகவரிக்கு. எனக்கு ஜன்னலில் வெயில் மிச்சமிருக்கும். அவளுக்கு இருட்டி, ஓட்டில் சாரல் விழும். போன்களைச் சொம்பில் சாய்த்துவைத்து தினை உப்புமாவோடு உட்காருகிறோம். நேற்று ஒரு வாய் வைத்தவள் முகம் சுளித்தாள்.

"உப்பு கூடிட்டோ மச்சான்?"

என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டு, மென்று பார்த்து, "இல்லட்டி, சரியாத்தான் இருக்கு" என்றேன்.